முப்பதாவது ஸ்டம்பிங்

ஜனவரி மாதத்து டெல்லிக் காலையில் தோல் பந்து உள்ளங்கையில் வந்து அறைவது முதலில் வலியாகவே தெரியாது. குளிரில் மரத்துப்போன விரல்களுக்குள் ஒரு கொதிப்பு மெல்லக் கிளம்பி முழங்கை வரை ஏறி, வகுப்பில் பேனாவைப் பிடிக்கும்போதுதான் முழுதாக உறைக்கும். கோல் மார்க்கெட் அரசாங்கக் குடியிருப்பு அணிக்கு மூன்று குளிர்காலம் நான்தான் விக்கெட் கீப்பர். கையுறைகள் இரவல், உள்ளே அப்பாவின் பழைய பனியனை நான்காக மடித்து வைத்துக்கொள்வேன். அப்பா வாசலிலேயே நிறுத்தி, "விரல் பத்தும் இருக்கான்னு எண்ணிட்டு உள்ள வா" என்பார். நாற்பத்தாறு ஆட்டம், எழுபத்தொரு கேட்ச், முப்பது ஸ்டம்பிங். நழுவவிட்டவை பதின்மூன்று, அதையும் சொல்லிவிடுவது நல்லது.

இதில் பாதிக்குத் தமிழே காரணம். எங்கள் சுழற்பந்து வீச்சாளன் மணியும் நானும் மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் ஒரே வகுப்பு. எதிரணிகளில் தமிழ் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்பதால், மட்டையாளனின் முதுகுக்குப் பின்னால் குனிந்து நின்று அவன் எதற்குப் பயப்படுகிறான், பந்தை எங்கே போட வேண்டும் என்பதையெல்லாம் தமிழில் உரக்கவே சொல்வேன். இதற்கு நாங்கள் வைத்த பெயர் "ரேடியோ".

கடைசிக் குளிர்காலத்தில் கிட்வாய் நகரோடு ஓர் ஆட்டம். டெல்லி மாணவர் அணிக்கு ஒரு விக்கெட் கீப்பர் தேவைப்பட்டது. அந்த ஓர் இடத்துக்கு இருவர், நானும் கிட்வாய் நகர் கீப்பர் பப்லுவும். ஆள் தேர்ந்தெடுக்க வந்தவரே அன்று நடுவராகவும் நின்றார். முறுக்கு மீசை, தலையில் மப்ளர், வாயைத் திறந்தால் ஹிந்தி. எல்லோருக்கும் அவர் மாஸ்டர்ஜி.

பப்லு என்னைவிட நல்ல கீப்பர். அது எனக்கும் தெரியும், மணிக்கும் தெரியும். அவன் மட்டை பிடிக்க வந்தபோது, பந்து வருமுன் முகத்தை முழுசாகத் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்தேன். மூன்று தடவை, அவ்வளவுதான். உடனே ரேடியோவைத் திறந்தேன்.

"மணி, இவனுக்கு ஒரு கண்ணு சரியில்லடா! மெதுவா, உசரத் தூக்கிப் போடு."

"நீ கீப்பரா, கண் டாக்டராடா?" என்று சிரித்துக்கொண்டே மணி அப்படியே போட்டான். பப்லு இறங்கி வந்து வீசினான். மட்டையில் படாமல் பந்து என் கைக்கு வந்தது. குச்சிகளைத் தட்டினேன். என் முப்பதாவது ஸ்டம்பிங். அவற்றுள் இதுபோல் சுத்தமானது வேறில்லை.

பக்கவாட்டில் நின்ற மாஸ்டர்ஜி விரலை உயர்த்தினார். பிறகு நிதானமாக என்னிடம் நடந்து வந்து, தமிழில் கேட்டார்:

"எந்தக் கண்ணு, தம்பி?"

பட்டாளத்தில் ஒன்பது வருடம் ஆவடியில் இருந்தவர் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு நிச்சயமாகத் தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம், அதுதானே உண்மை. நான் சொன்னது, "இடது கண்ணு, சார்."

பப்லு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அச்சா கியா" என்று என் தோளைத் தட்டிப் பாராட்டிவிட்டு, மாஸ்டர்ஜி என்ன சொன்னார் என்று ஹிந்தியில் விசாரித்தான்.

"குச் நஹீன்" என்றேன். ஒன்றுமில்லையாம்.

இடம் எனக்குக் கிடைத்தது. டெல்லிக்காக நான்கு ஆட்டம் ஆடினேன்: இரண்டு கேட்ச், நழுவவிட்டவை ஆறு, ஸ்டம்பிங் ஒன்றும் இல்லை. ஐந்தாவது ஆட்டத்துக்கு வேறொருவனை எடுத்தார்கள். பப்லு அதன்பின் மைதானத்துக்கு வரவில்லை. அவன் கண்ணுக்கு உண்மையில் குறை இருந்ததா என்பதை நான் யாரிடமும் கேட்டதில்லை, கேட்கப் பயம்.

போன மாதம் கிட்வாய் நகருக்குப் போனேன். இரண்டு மாடிக் குடியிருப்புகளை இடித்துவிட்டார்கள். நாங்கள் ஆடிய மைதானம் எந்தக் கோபுரக் கட்டடத்தின் அடியில் இருக்கிறது என்று நான்கு பக்கமும் நடந்து பார்த்தும் புரியவில்லை. வாயிலில் காவலாளி பதிவேட்டை நீட்டி, "கிஸ்ஸே மில்னா ஹை, அங்கிள்?" என்று யாரைப் பார்க்க வந்தேன் எனக் கேட்டான்.

"பப்லு."

"பூரா நாம்?"

முழுப் பெயர் எனக்குத் தெரியாது. அன்றைக்கும் கேட்கவில்லை. பதிவேட்டில் என் பெயரையும் வந்த நேரத்தையும் எழுதியிருந்தேன். யாரைப் பார்க்க என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.