நீர்நாய் அண்ணன், வண்டு நான்

கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஐந்தாவதோடு படிப்பு நின்றதால் பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும். முதலில் அண்ணன் படிக்கட்டும். அவனிடம் வாயால் சொல்லக் கூச்சப்பட்டே இத்தனை வருடம் போய்விட்டது.

உத்திரமேரூர் ஏரி மதகைத் திறந்து மூடுகிற வேலை எங்கள் மாமாவுடையது. அண்ணன் முழுகினால் அவர் பீடியைக்கூட மறந்துவிடுவார். அறுப்பு வேலைக்குக் காவிரிப் பக்கம் போய் நீர்நாயைப் பார்த்தவர். "நீர்நாய் கணக்கா கீறான் பாரு. மூச்ச அடக்கிக்கினு அடி வரைக்கும் போறான்" என்பார்.

நான் பத்து எண்ணுவதற்குள் மேலே வந்துவிடுவேன். "அப்ப நான் இன்னா மாமா?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"நீ தண்ணி வண்டுடா நைனா. அது காத்த றெக்கைக்கு அடியில சொருவிக்கினுதான் முழுவும்."

அண்ணன் சிரித்தான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் இரண்டாம் முறை குழம்பு கேட்டதுகூட எரிந்தது.

அந்த வருடம் ஏரி நிரம்பியது. அதிக நேரம் முழுகுகிறவனை, முதல் தண்ணீர் விடும்போது மதகு ஷட்டரைத் திருகக் கூட்டிப்போவதாக மாமா சொன்னார். வண்டாகவே ஜெயிக்கிறேன் என்று முடிவு செய்தேன். பப்பாளி இலைக் காம்பு குழல் போல இருக்கும். ஒன்றை வெட்டிக் கரையோரக் கோரைக்குள் செருகி வைத்தேன்.

மாமா கரையில் நின்று பார்க்க, இருவரும் ஒன்றாக முழுகினோம். நான் அடியிலேயே நகர்ந்து கோரைக்குள் போய்க் காம்பை வாயில் வைத்துக்கொண்டேன். சுகமாகக் காற்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, கோரை மறைவில் கண் மட்டும் வெளியே வரும்படி லேசாகத் தலையைத் தூக்கினேன். அண்ணன் மேலே வந்திருந்தான். சுற்றிலும் பார்த்தான். மறுபடி முழுகினான். வந்தான், திரும்பவும் முழுகினான். பந்தயம் ஒருமுறைதான். அழுகுணி ஆட்டம் ஆடுகிறானே என்று எனக்கு ஆத்திரம்.

ஆறாவது முறையோ ஏழாவது முறையோ, மாமா வேட்டியோடு குதித்து அவனை இழுத்துவந்து கரையில் போட்டார். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வந்தது. நான் காம்பை விட்டுவிட்டு எழுந்து, "நான்தான் ஜெயிச்சேன்" என்றேன்.

"எங்கடா போயிருந்த, பேமானி?" என்று மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் தள்ளாடி வந்து கன்னத்தில் ஓர் அறை விட்டான். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தவன், வீடு வந்து சேரும்வரை விடவில்லை. கை வலித்தது. தோற்றவனுக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் ஆகாது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

எழுதியது: ஆவணி, இரண்டாம் ஞாயிறு, மத்தியானம்.