அடம்பன் கொடியைத் திரும்ப நட்டோம்

காலையில் சமையலறைக் கதவு திறக்கவில்லை. வெளியே முழங்கால் உயரத்துக்கு மணல் குவிந்து கிடந்தது. ஜன்னல் வழியாக இறங்கிப் போய்ப் பார்த்தால் கிணற்றடியிலும் மணல், பறவைப் படங்கள் மாட்டிய ஹோலிலும் மணல். கடலோர வனவிலங்குப் பார்வையாளர் நிலையத்தில் நான் சமையலுக்குச் சேர்ந்த புதிது. இந்தக் கூத்தைச் செய்தது புயல் இல்லை, என் வீட்டுக்காரர்தான்.

எங்களுக்கு ஊர், இலங்கை மலைநாட்டில் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு ஆட்குறைப்பு வந்து, எங்கள் இருவர் பேரையும் வெட்டிவிட்டார்கள். குடியிருக்கத் தந்திருந்த லயத்துக் காம்பராவும் போனது. இந்த நிலையம் மொனராகலைக்கும் அப்பால், களப்பு என்கிற உப்பேரி கடலோடு சேரும் இடத்தில் இருந்தது. பொறுப்பாளர் பதுளை டவுன் துணிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. ஊர்ப் பக்கத்து ஆட்கள் என்று எங்களைச் சேர்த்துக்கொண்டார். எனக்குச் சமையல், இவருக்குக் காவலும் துப்புரவும். இந்த வேலையும் போனால் திரும்பிப் போக எங்களுக்கு ஒரு கூரைகூடக் கிடையாது.

இவர் செய்த துப்புரவு

தோட்டத்தில் புல்லுவெட்டு என்றால், தேயிலையைத் தவிர வேறு பச்சை கங்காணி கண்ணில் படக்கூடாது. அந்தப் பழக்கத்தில், ஊரிலிருந்து கொண்டுவந்த புல் செதுக்கும் சுரண்டியை எடுத்து, மணல்மேட்டில் படர்ந்திருந்த அடம்பன் கொடியை ஒன்று விடாமல் சுரண்டி எறிந்துவிட்டார். "பாரு புள்ள, பெரட்டுக்களம் மாதிரி எப்புடி இருக்கு!" என்று, தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் மொட்டைக் களத்தைச் சொல்லிப் பெருமை வேறு. அந்தக் கொடிதான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது என்று மலையில் பிறந்த எங்களுக்கு யார் சொன்னார்கள்? அந்த வாரமே காற்று எடுத்தது.

பொறுப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சித்திரை லீவுக்குள்ள இந்த மணல் நிக்கல்லன்னா சென்டரை மூடிருவாங்கப்பா. பொறகு ஒங்கள வச்சிக்க என்னால ஏலாது."

"சீமெந்து மதில் கட்டிருவமாங்க?" என்றார் இவர்.

"மதில் கட்டினா ஆமை எங்கால ஏறி முட்டை போடும்?"

எனக்கு வந்ததே கோபம்! இவரை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டுப் பொறுப்பாளரிடம் சொன்னேன்: "ஐயா, தேயிலைக் கன்னையே கம்பு வெட்டித்தான் வளக்குறோம். நாத்துப் போடுற நேசரியில வேல செஞ்சவ நான். இந்தக் கொடி எம்மாத்திரம்? விடுங்க, நான் பாத்துக்கிறேன்."

வாளித் தண்ணீர்

களப்புக்கு அந்தப் பக்கம் போய், ஒரே இடத்தை மொட்டையடிக்காமல் அங்கொன்று இங்கொன்றாகக் கணுவோடு வெட்டி வந்து நட்டோம். முதலில் நட்டதையெல்லாம் காற்று பிடுங்கிப் போட்டது. "நாசமாப்போற காத்து" என்று ஒரு பிடி மணலை வாரித் தூற்றினேன். அது என் கண்ணிலேயே வந்து விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே மறுபடி ஆரம்பித்தேன். தோட்டத்தில் மண் அரிக்காமல் சரிவுக்குக் குறுக்கே கான் என்று வாய்க்கால் வெட்டுவோம் அல்லவா, அதே மாதிரி காற்றுக்குக் குறுக்கே தென்னோலையை வரிசை வரிசையாகக் குத்தி, அதன் மறைவில் கொடியை நட்டோம்.

தண்ணீர்தான் பெரிய பாடு. கிணற்றில் கூடுதலாக இறைத்தால் உப்பு ஏறிவிடும். அரிசி கழுவிய தண்ணீர், சட்டி அலசிய தண்ணீர் எல்லாம் வாளிக்கு வந்தது. பார்க்க வந்தவர்களையும் நான் விடவில்லை. "ஐயா, கைய இந்த வாளிக்கு மேல கழுவுங்க, புண்ணியமாப் போகும்" என்பேன். சிலர் சிரித்தார்கள், சிலர் முறைத்தார்கள். முறைத்தவர்களும் வாளியில்தான் கழுவினார்கள்.

பிறகு மழை பிடித்தது. கொடி வேர்விட்டு, மேட்டை மூடி, ஊதாப் பூப் பூத்தது. மணல் நின்றது.

பெரிய ஐயா வந்த அன்று

லீவுக்கு முன்னால் கொழும்பிலிருந்து பெரிய ஐயா பார்வைக்கு வந்தார். நிலையத்தை மூடுவதா வேண்டாமா என்று முடிவு சொல்ல வேண்டியவர் அவர்தான். எல்லாம் பார்த்துவிட்டு இவரைக் கூப்பிட்டார். "சனம் கடலுக்கு இறங்க அகலமா ஒரு பாதை வேணும். இந்தக் கொடியச் செதுக்கி விடு."

பிறந்ததிலிருந்து எந்தத் துரையிடமும் "சரிங்க" என்பதைத் தவிர வேறு பேசாத மனிதர் இவர்.

இவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "மாட்டேனுங்க. வேலைய விட்டு நிப்பாட்டுனாலும் சரிங்க, இதுல சுரண்டி வைக்க மாட்டேன்."

பெரிய ஐயா முகம் சிவந்தது. "அப்ப சனம் பறந்தா போகும்?"

"கொடிக்கு மேல மரக்கால் ஊண்டிப் பலகை போட்டுத் தாறேனுங்க. கீழால ஆமை போகும், மேலால ஆளு போகலாம்."

அவர் கொடியைக் கையால் ஒதுக்கி, அடியில் மணல் இறுகி நிற்பதைக் குனிந்து பார்த்தார். பிறகு பொறுப்பாளரிடம், "சென்டர் இருக்கட்டும், பலகைக்கு ஏற்பாடு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மேலே உள்ளவர் சொன்னதைச் செய்வதுதான் வேலை என்று அதுவரை நினைத்திருந்தேன். மாட்டேன் என்று சொல்வதும் வேலையில் சேர்த்திதான் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

மத்தியானம் இவர் தட்டில் மீன் துண்டு இரண்டாக வைத்தேன். "என்ன புள்ள விசேஷம்?" என்று கேட்டார்.

"பேசாமச் சாப்பிடுங்க" என்றேன். சந்தோஷத்தில் எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.