குடும்பப் பெயர் என்ற கட்டம்

தண்ணீர்த் தொட்டி செய்யும் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர் அவர். எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடி. நாங்கள் வேலைக்காகப் போயிருந்த அந்த நாட்டின் மொழி எனக்குத் தெரியும் என்பதால், குடியேற்ற அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம் என்னைத் துணைக்குக் கூப்பிடுவார். ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் எனக்கு மதிய வேலை. அதனால் காலையில் போய் வர முடிந்தது.

அங்கே அவரை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அதுதான் இருந்தது.

"எங்க அப்பா செத்து பதினோரு வருஷமாச்சுக்கா. இங்க வந்து டோக்கன் எடுத்து உக்காந்திருக்காரு பாருங்க" என்று முதல் நாள் சிரித்தார்.

மனைவியையும் மகளையும் வரவழைக்க விண்ணப்பம் போட்டார். மகளுக்கு அப்போது பதினாறு வயது. ஏழு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மகளின் குடும்பப் பெயரும் தகப்பனின் குடும்பப் பெயரும் பொருந்தவில்லை என்றது. பொருந்தாதுதான். அவளுடைய கட்டத்தில் இவர் பெயர். இவருடைய கட்டத்தில் தாத்தா பெயர்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் நம் வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். "புரிகிறது. ஆனால் நிரூபிக்க வேண்டும்" என்றாள்.

அங்கே ஊரில் அவர் மனைவி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிச் சான்றிதழ் வாங்கி அனுப்பினாள். அது வந்து சேர்வதற்குள் மருத்துவச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. அதைப் புதுப்பித்தால், மொழிபெயர்ப்பில் முத்திரை இல்லை என்றார்கள். கடைசியில் டி.என்.ஏ. பரிசோதனை எடுத்து வரச் சொன்னார்கள்.

வெளியே படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதை எப்படிக்கா அவகிட்ட சொல்றது? பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்திட்டு, புள்ள என்னோடதான்னு ரத்தத்தைக் குடுன்னு கேக்குறதா?"

அன்று சாயங்காலம் என் வீட்டில் வைத்துத்தான் போன் பேசினார். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். பிறகு மனைவி கேட்டாள்: "அவங்க கேக்குறது இருக்கட்டும். உங்களுக்கு ஒண்ணுமில்லைல்ல?"

"சீ, என்ன பேச்சு பேசுற."

"அப்ப எடுத்துக்கட்டும்."

மகள் போனை வாங்கவே இல்லை.

முடிவு வந்தது. அவர்தான் தகப்பன். அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், ஒருவரிடமும் காட்டவில்லை. இரண்டு மாதம் கழித்து அனுமதிக் கடிதம் வந்தது. அதில் மனைவியின் பெயர் மட்டும் இருந்தது.

மறுபடி அதே கவுன்ட்டர். பரிசோதனை முடிவு சேர்ந்தபோது மகளுக்குப் பதினெட்டு முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்ததாம். விண்ணப்பம் போட்ட நாள் கணக்கில் வராதாம். கடைசிக் காகிதம் சேர்ந்த நாள்தான் கணக்காம்.

"அவ என் பொண்ணுன்னு இப்ப ஒத்துக்கறாங்களான்னு கேளுங்கக்கா" என்றார்.

கேட்டேன். "அதில் சந்தேகமே இல்லை" என்றாள் அந்தப் பெண். "ஆனால் அவள் இப்போது குழந்தை இல்லை."

நான் அதை மொழிபெயர்ப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது போல, டோக்கன் சீட்டைக் கசக்கிக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

மனைவி வரவில்லை. வயசுப் பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவாள்? அவளுக்குக் கொடுத்த அனுமதியும் மூன்று மாதத்தில் தானாகவே செல்லாமல் போனது. ஒப்பந்தம் முடியும்வரை வேலை பார்த்துவிட்டு அவரும் கிளம்பிப் போனார்.

போன மாதம் போனில் பேசினேன். மகளைப் பற்றிக் கேட்டேன்.

"நல்லாத்தான் பேசுறாக்கா" என்றார். "சாப்டீங்களான்னு கேக்குறா, காபி வேணுமான்னு கேக்குறா. விருந்தாளியைக் கவனிக்கிற மாதிரி."