அண்ணன்மார் இருவரும் என் கிளையண்டுகள்

இந்த ஊரில் ஒருவரை விலக்கிவைக்க ஒரு வரி மின்னஞ்சல் போதும். கோபன்ஹேகனில் மெழுகுவர்த்திக் கடை நடத்தும் மெத்தெவுக்கு நான்தான் வெப்சைட் செய்து கொடுத்தேன். போன வருடம் எழுதியிருந்தாள்: "லார்ஸ் விலகிவிட்டார். அவர் படத்தை எடுத்துவிடவும்." பல வருடம் கூட்டாகக் கடை நடத்தியவர்கள். எனக்குப் பதறிவிட்டது. உடனே போன் போட்டு, "நான் வேண்டுமானால் லார்ஸிடம் பேசிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன். "ஏன், படத்தை எடுப்பதில் ஏதாவது சிக்கலா?" என்றாள். இல்லை என்று சொல்லி எடுத்துவிட்டேன்.

சொந்த ஊரான விருத்தாசலத்தில் இதே வேலை மாதக்கணக்கில் என்னைப் படுத்தி எடுத்தது. செராமிக் எஸ்டேட்டில் அப்பா தொடங்கிய பீங்கான் கம்பெனியை, அவர் காலத்துக்குப் பிறகு அண்ணன்கள் இருவரும் நடத்துகிறார்கள். பெரியண்ணன் மின்பெட்டிக்கான ஃப்யூஸ் கேரியர் செய்வார், சின்னண்ணன் பொம்மை செய்வார். கல்யாணமாகி டென்மார்க் வந்து, வீட்டிலிருந்தபடியே வெப் டிசைன் பழகியதும் நான் முதலில் செய்தது அவர்கள் சைட்தான். முகப்பில் இருவரும் தோளில் கைபோட்டு நிற்கும் படம். இருக்கும் ஒரே சூளையில் யார் சரக்கை முதலில் வேக வைப்பது என்று கிளம்பிய சண்டை, இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லாமல் செய்துவிட்டது.

"அவன வெட்டிட்டு என்ன மட்டும் வையி பாப்பா" என்றார் பெரியண்ணன். மறுநாளே சின்னண்ணன் கூப்பிட்டார். "அவரு மூஞ்சி இருந்தா என் பொம்மய அதுல போடாத. உனக்கு எப்பவும் அவருதான் ஒசத்தி." இருவர் சொன்னதையும் தனித்தனியாகச் செய்து பார்த்தேன். யாரை வெட்டினாலும் அவர் கை மற்றவர் தோளிலேயே கிடந்தது. இவர்கள் பிரிந்துவிட்டால் லீவுக்குப் போகும்போது யார் வீட்டில் பெட்டியை இறக்குவது? ஒரு வீட்டில் சாப்பிட்டால் இன்னொரு வீட்டில் முகம் கொடுக்க மாட்டார்கள். எனக்குப் பிறந்த வீடே இல்லாமல் போய்விடும் என்று பயந்தேன்.

அப்பா சரக்கு வாங்கும் பார்ட்டிகளைச் சமாளித்த விதம் வேறு. திட்டக்குடி எலக்ட்ரிகல் கடைக்காரர் கோபித்துக்கொண்டால் பஸ் ஏறிப் போய் அவர் கடையில் உட்கார்ந்துவிடுவார். டீ வரும். வியாபாரத்தைத் தவிர எல்லாம் பேசிவிட்டு வருவார். அடுத்த வாரம் ஆர்டர் வந்துவிடும். எனக்கு ஏறிப் போக பஸ் எங்கே இருக்கிறது?

வழி தெரியாமல், மெத்தெ போன்றவர்களிடம் கற்றதைச் செய்தேன். 'இருவரும் கலந்து பேசி எழுத்தில் தெரிவிக்கும்வரை எந்த மாற்றமும் செய்ய இயலாது' என்று இருவருக்கும் ஒரே மெயில் அனுப்பினேன். பெரியண்ணன் கொதித்துப்போனார். "கூடப்பொறந்தவனுக்கு நோட்டீஸு அனுப்புறியா?" சின்னண்ணன் போனையே எடுக்கவில்லை.

பிறகு ஒரு நாள் சின்ன அண்ணி கூப்பிட்டு, "ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்க. உம்மேல இருந்த கோவத்துல ஒண்ணா ஒக்காந்து பேசி, பிரவுசிங் சென்டர்ல புது சைட்டே போட்டுட்டாங்க. பாரேன்!" என்றார். எனக்குக் கண் கலங்கியது. திறந்து பார்த்தேன். 'எங்கள் குடும்பம்' என்ற பக்கத்தில் அண்ணன்கள், அண்ணிகள், பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். நான் இல்லை. முகவரிப் பக்கத்தில்தான் இருந்தேன். 'வெளிநாட்டுக் கிளை: டென்மார்க்' என்று போட்டு, என் வீட்டு முகவரி.

பெரியண்ணனிடம் கேட்டேன். "ஒன்ன உட்டுருவமா பாப்பா? வெளிநாட்டுல கிளை இருக்குதுன்னா பார்ட்டிங்க மதிப்பாங்க இல்ல" என்றார், பெருமையாக. "சரிண்ணா" என்றேன்.

இங்கே தபால்பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் கடிதம் போடமாட்டார்கள். கீழே இறங்கிப் போய், கணவர் பெயருக்குக் கீழே அப்பா வைத்த கம்பெனிப் பெயரை ஒட்டினேன். பெட்டியில் இரண்டு பெயருக்குத்தான் இடம். அதற்காக என் பெயரைத்தான் உரித்தெடுக்க வேண்டியிருந்தது.