வேப்பமரத்து நீலக் கயிறு

ஓர்ஸ் ஹில் பக்கம் போனால், நான் முன்பு வேலை செய்த மிருக வைத்திய அலுவலகத்தின் பின்வளவை எட்டிப் பார்க்காமல் வரமாட்டேன். அங்கே வேப்பமரத்தில் ஒரு நீல நைலோன் கயிறு. துறைமுகத்துப் பெட்டை நாய் ஒன்றைக் கட்டிவைத்த கயிறு. அது என் காலைக் கடித்தபோது நான் நாலு மாதக் கர்ப்பிணி. அதற்கு முதல் இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்கவில்லை. கடித்த நாய்க்கும் வயிறு நிறையக் குட்டி.

எனக்கு ஊசி போட்டார்கள், பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது என்றார்கள். என்றாலும் நாய்க்கு விசரா, அந்த வெறிநோய் இருக்கிறதா இல்லையா என்று பதினாலு நாள் பார்க்கவேண்டும். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தட்டச்சு செய்யும் அலுவலகக் கடிதத்தைப் பாதியில் விட்டுவிட்டு, நாய் சாப்பிட்டதா என்று பார்க்க ஓடுவேன். எங்கள் வைத்தியர் குறிஞ்சாக்கேணிக்காரர், வாசிப்புப் பைத்தியம். எனக்கு ஆறுதல் சொல்ல அவருக்குக் கிடைத்த கதையைப் பாருங்கள்.

"எல்லா வைரசும் கொல்ல வாறதில்ல தங்கச்சி. பல கோடி வருசத்துக்கு முந்தி உடம்புக்குள்ள பூந்த சிலது, போகாம மரபணுவிலயே தங்கிட்டு. நச்சுக்கொடி கர்ப்பப்பையில ஒட்டிப் பிடிக்கிறதுக்கு அதுட மிச்சம்தான் உதவுது. நாய்க்கு ஒண்டு, நமக்கு வேற ஒண்டு."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போல இருந்தது. "வைரஸ் கதை இனி வேண்டாம் சேர்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டேன்.

பன்னிரண்டாம் நாள் காலை நாய் சாப்பாட்டைத் தொடவில்லை. மூச்சிரைக்க மண்ணைப் பிறாண்டியது, கயிற்றைக் கடித்தது, நின்ற இடத்தில் நிற்கவில்லை. வைத்தியர் தம்பலகாமத்துக்கு மாடு பார்க்கப் போயிருந்தார். அழுதுகொண்டே அவருக்குப் போன் எடுத்தேன். "விசர்தான் மிஸ்" என்று காவலாளி பொல்லோடு வந்தார், ஆனால் தயங்கி நின்றார். "அடியுங்கோ" என்றேன். அவர் அசையவில்லை. "அடியுங்கோ!" என்று கத்தினேன். அவர் பொல்லை ஓங்கவும் பாதி வழியில் திரும்பிவந்த வைத்தியரின் மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது.

"அதுக்கு வலி வந்திருக்கு, தெரியல்லையா?" அவர் கேட்டது காவலாளியை அல்ல, என்னை.

மத்தியானத்துக்குள் ஐந்து குட்டிகள். ஒரு நச்சுக்கொடியை நாய் தின்னும் முன் வைத்தியர் விரலால் காட்டினார், கதை சொல்லவில்லை. என் வயிற்றைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, விட்டுவிடாதே, விட்டுவிடாதே என்று அந்தக் கொடியைப் பார்த்து மன்றாடினேன். எதனிடம் மன்றாடினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

போன கிழமை மகளோடு போனேன். அன்று வயிற்றில் இருந்தவள், இப்போது பத்து வயது, கேள்விக்குக் குறைவில்லை. மரம் பருத்துக் கயிற்றை விழுங்கிவிட்டது, முடிச்சு மட்டும் வெளியே தெரிகிறது. மகள் அதைப் பிடித்து இழுத்தாள்.

"இதை எடுக்கேலாதா அம்மா?"

"ஏலாது. எடுத்தால் மரத்துக்குத்தான் காயம்."

"இதிலதானே அந்த நாயைக் கட்டினது? காவலாளி மாமா அடிக்கச் சொன்ன நாய்?"

"ஓம்" என்றேன். அவளுக்கு நான் எப்போதும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன்.