தூறலில் ஓடிய இன்ஜின்

தூறலுக்கு நடுவே ‘தட் தட்’ என்று ஆயில் இன்ஜின் ஓடும் சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு அண்ணியின் நினைவுதான் வரும். மழை பெய்யும்போது யாராவது செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுவார்களா? என் அண்ணி பாய்ச்சினார். ஊரே வரப்பில் நின்று சிரிக்க, உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாய்ச்சினார்.

பிச்சாவரம் போகும் வழியில் எங்கள் நிலம். அண்ணன் இறந்த பிறகு அதோடு மல்லுக்கட்டியது அண்ணிதான். நான் செம்மங்குப்பத்தில் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டு, லீவு நாளில் தலைகாட்டுகிறவன். போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறால் குட்டைக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். குட்டை வெட்டி உப்புத் தண்ணீரை நிறுத்திவிட்டால் அப்புறம் அது நிலமே இல்லை. பெரியப்பாவோ, “நீயும் குடுத்துடு” என்று அண்ணியை நச்சரித்தபடி இருந்தார். அண்ணி பிடிவாதமாகச் சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கத்தரி வைத்தார்.

முதல் போகம் நன்றாகத்தான் வந்தது. பிஞ்சு விடும் சமயத்தில் ஒரு நாள் தூறல் போட்டது. எல்லோரையும்போல அண்ணியும் மோட்டாரை நிறுத்தினார். அந்த வாரமே இலைகள் ஓரம் கருகி, செடிகள் நின்றபடியே செத்தன.

“பாத்தியாம்மா, மழ பேஞ்சும் பொழைக்கல. இன்னொரு போகம் வெச்சுப் பாரு. அதுவும் போச்சுன்னா குத்தகைக்குக் கையெழுத்துப் போட்டுடு” என்றார் பெரியப்பா.

“சரி மாமா, போனா போடுறேன்” என்று அண்ணி ஒத்துக்கொண்டதில் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

அண்ணியும் நானும் கேட்கப்போனபோது, விவசாய ஆபீசில் ஒரு பெண் அதிகாரி காரணத்தை விளக்கினார். சொட்டும் தண்ணீர் உப்பைத் தள்ளிக்கொண்டுபோய் ஈர வட்டத்தின் ஓரத்தில் சேர்த்துவைக்கிறது. பெருமழை அதைக் கரைத்து ஆழத்துக்கு இறக்கிவிடும். தூறலோ, கரைத்து நேராக வேருக்கே ஊட்டிவிடும். தூறும்போது குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால்தான் உப்பு உள்ளே வராது. கேட்டுவிட்டு, “அப்போ எஞ்செடிய நானேதான் கொன்னனா?” என்றார் அண்ணி.

அடுத்த போகம் பூவும் பிஞ்சுமாக நின்றபோது தூறல் வந்தது. கூடவே கரண்ட் போனது. “தம்பி, எங்கயாச்சும் ஒரு ஆயில் இன்ஜின் புடிச்சிட்டு வாங்க” என்று போன். வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, ஓர் இன்ஜினை இரவல் வாங்கிக் குட்டியானை வண்டியில் ஏற்றிப் போனேன். அது ஓட ஆரம்பித்ததும் வரப்பில் கூட்டம். “மச்சான், ஒங்க அண்ணி அடுத்து கடலுக்கும் தண்ணி பாய்ச்சுவாங்க போலிருக்கே!” என்றான் ஒருவன். குடையோடு வந்த பெரியப்பா, “மானம் போவுதும்மா, நிறுத்து” என்று இன்ஜின் பக்கம் கையை நீட்டினார்.

அண்ணி குறுக்கே போய் நின்றார். “கைய எடுங்க மாமா. செடி கருகிச்சின்னா நானே ஒங்க வூட்டுக்கு வந்து கையெழுத்துப் போடுறேன். அதுவரைக்கும் இது என் நெலம், என் இன்ஜின்.” இரவல் இன்ஜினைத்தான் அப்படிச் சொன்னார்! எனக்கு விசிலடிக்கத் தோன்றியது.

மதியத்துக்கு மேல் மழை அடித்துக் கொட்டியது. “இனிமே அது பாத்துக்கும்” என்று அண்ணியே இன்ஜினை நிறுத்தினார். மறுவாரம் பெரியப்பா வந்து ஒவ்வொரு செடி வரிசையாக நடந்து இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் இலைகூடக் கருகவில்லை. கையெழுத்துப் பேச்சை அதற்கப்புறம் அவர் எடுக்கவே இல்லை.

இப்போது நிலத்துக்கு மூன்று பக்கமும் குட்டைகள். கசிந்து வரும் உப்புத் தண்ணீருக்கு அண்ணி சுற்றிலும் வடிகால் வெட்டி வைத்திருக்கிறார். சொந்தமாகவே ஒரு பழைய இன்ஜின் வாங்கிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது தூறிக்கொண்டிருந்தது. குட்டைக்குப் புதிதாக வந்த காவல்காரர் கரையிலிருந்து கத்தினார்: “அக்கா, மழ பெய்யுது! இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்குது பாருங்க!”

கத்தரி பறித்துக்கொண்டிருந்த அண்ணி நிமிரக்கூட இல்லை.

“தெரியும்பா. நாந்தான் போட்டேன்.”