'விடு' என்றால் என்ன அர்த்தம்?

போன வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம்... இரண்டே எழுத்து!

காக்ஸ் டவுனில் ஒரு வீட்டு மாடிதான் எங்கள் கம்பெனி. நான், மஞ்சுநாத், இன்னும் இருவர். கம்ப்யூட்டர் மெமரியைச் சுத்தம் செய்யும் பேக்கேஜ் எழுதி விற்கிறோம். வேலை முடிந்த பிறகும் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புரோகிராம்களைப் பெருக்கித் தள்ளும் துடைப்பம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எங்கள் பெரிய வாடிக்கையாளர் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனி. புது விண்டோஸ் போட்ட கம்ப்யூட்டர்கள் வாங்கினார்கள். அதில் எங்கள் துடைப்பத்தை ஓடவிட்டால் எல்லாம் அப்படியே நின்றுபோகிறதாம்! "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா வேற பேக்கேஜ் பாத்துக்கறோம்" என்றார்கள். அவர்கள் போனால் நாங்கள் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான்.

மஞ்சுநாத்துதான் கண்டுபிடித்தான். கன்னடக்காரன், தமிழும் சரளமாகப் பேசுவான். பழைய விண்டோஸில் ஓடுவதற்காக எழுதிய ஒரு பகுதி, புதியதிலும் புகுந்து வேலை செய்துகொண்டிருந்தது. மெமரியைக் காலி செய்ய வந்ததே பாதி மெமரியை வளைத்துப் போட்டிருந்தது.

"சும்னே... சும்மா எதுக்கு மேடம் இது? எடுத்துடலாம்."

"கைய வைக்காதேப்பா! மேல என்ன எழுதியிருக்கு பாரு."

அதை எழுதியவர் ஸ்டீபன். போன வருஷம் வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்தப் பகுதியின் தலையில், ஆங்கில எழுத்தில், தமிழில் ஒரு குறிப்பு வைத்திருந்தார் — 'இத விடு'.

தொடாதே என்றுதானே அர்த்தம்? எடுத்தால் எது இடிந்து விழுமோ என்று பயந்து, வெர்ஷனுக்கு வெர்ஷன் அதைச் சுற்றிக்கொண்டே போனோம். வேறு வழியில்லாமல் இப்போது ஸ்டீபனுக்கே போன் போட்டேன்.

ஒரே சிரிப்பு. "ஐயோ மேடம், அது இன்னுமா இருக்கு? பழைய விண்டோஸ் போனதும் தூக்கிக் கடாசுங்கன்னுதான் எழுதினேன்!"

"நாங்க அப்படியே விட்டுடணும்னு நினைச்சோம்ப்பா!"

"விட்டுடணும்னுதான் மேடம் நானும் சொல்றேன்!"

பக்கத்தில் மஞ்சுநாத்துக்கு ஏகக் குஷி. "எங்க கன்னடத்துல வேண்டாம்னா 'பேடா', இருக்கட்டும்னா 'இர்லி'. குழப்பமே இல்ல மேடம்."

"எங்க 'விடு'தானே உங்க 'பிடு'? அது மட்டும் என்னவாம்?" என்றேன். அசடு வழிந்தான்.

வீட்டில் வாக்குவாதம் முற்றினால் என் கணவரும் "சரி, விடு" என்பார். எதை விட? பேச்சையா, கோபத்தையா... அவரையா? கல்யாணமான நாளிலிருந்து நானும் கேட்டதில்லை!

எங்கள் வாடிக்கையாளர்களில் யாரிடமும் பழைய விண்டோஸ் இல்லை என்று விசாரித்துக்கொண்டோம். எடுத்தோம். ஒன்றும் இடிந்து விழவில்லை. வைட்ஃபீல்டில் இப்போது ஜம்மென்று ஓடுகிறது. மாடி தப்பியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன், சந்தோஷமாக இருந்தது.

இனிமேல் எல்லாரும் குழப்பமில்லாத தமிழில்தான் குறிப்பு எழுத வேண்டும் என்று சட்டம் போட்டேன். நானே தொடங்கியும் வைத்தேன். அடுத்து நீக்க வேண்டிய இன்னொரு பழைய பகுதியின் தலையில் பளிச்சென்று எழுதினேன் — 'இதத் தூக்கு'.

மஞ்சுநாத் வந்து படித்துப் பார்த்தான்.

"எவ்வளவு மேல தூக்கணும் மேடம்?"